ரொட்டிச் சூட்டில் பிடித்த வில்

விறைத்துப்போன விரல்களை அடுப்பு வெக்கையில் நீட்டினால் முதலில் ஒன்றுமே தெரியாது. சற்றுப் பொறுத்து நகக்கண்களில் குறுகுறுவென்று ஏதோ ஊரத் தொடங்கி, அது கடுப்பாகி, கடுப்பு வலியாகி, "ஐயோ அம்மா" என்று கையை உதறிக்கொண்டு குதிக்க வைத்துவிடும். பூனாகலைப் பக்கத்து மார்கழியில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குதி தெரியும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இதைக் "கை செத்துப்போச்சு" என்பார்கள். செத்துப்போன அந்தக் கையோடு வில்லை வளைத்து, ஓடுகிற முயலைக் குறி பார்க்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? எனக்குப் பதினொரு வயதில் அதுதான் பாடு!

தொண்ணூறுகளின் கடைசி, யுத்த காலம் அது. பண்டாரவளைக்குப் போய்வரும் வழியெல்லாம் சோதனைச் சாவடி இருந்ததால், துப்பாக்கியைச் சொல்லும் "துவக்கு" என்ற சொல்லைக்கூட எங்கள் ஆட்கள் உரக்கச் சொல்ல மாட்டார்கள். ஆகவே வேட்டையென்றால் வில்தான். மூங்கிலைச் சீவி, நைலோன் கயிற்றை நாணாகக் கட்டி, பழைய குடைக்கம்பியைத் தீட்டி அம்பு நுனியில் செருகிவிட்டால் ஆயுதம் தயார். மார்கழி என்று நாங்கள் சொல்லும் டிசம்பர் ஞாயிற்றுக்கிழமைகளில், சுவாமியார் பூசைக்கு வராத வாரங்களில், விடிந்தும் விடியாத மூட்டத்தில், தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கும் மேட்டுக்கு எங்கள் லயத்து வேட்டைக்கூட்டம் ஏறும். மேலே நாலைந்து வில்லாட்கள் வரிசையாக நிற்பார்கள். கீழே தேயிலைக்குள் இறங்கும் நாய்கள் முயலை மேட்டுக்கு விரட்டிக்கொண்டு வரும்.

கூட்டத்துக்குத் தலைவர் சவரிமுத்து மாமா. நாய்களும் அவருடையவைதான். அடுத்த காம்பராக்காரர், அதாவது அடுத்த அறை வீட்டுக்காரர், அப்பாவுக்குக் கூட்டாளி, குரல் மட்டும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கே கேட்கும். கறியைப் பங்கு போடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை: வில்லுக்கு ஒரு பங்கு, நாய்களுக்கென்று அவருக்கு ஒரு பங்கு, எவன் அம்பு பட்டதோ அவனுக்குத் தலையும் ஈரலும் கூடுதல். வில் இல்லாத வீட்டுக்குப் பங்கும் இல்லை. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்துமஸுக்கு, முந்தின ஞாயிற்று வேட்டையில் கிடைத்த கறியை உப்பும் மஞ்சளும் தடவி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு, நத்தார் அன்று குழம்பு வைப்பது எங்கள் லயத்து வழக்கம்.

எங்கள் வீட்டு வில் அப்பாவுடையது. அவர் கொழும்பில் சாப்பாட்டுக் கடை ஒன்றில் வேலைக்குப் போன பிறகு அருள் அண்ணன் அதை எடுத்துக்கொண்டு போனான். அந்த வருடம் பார்த்து, கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுகிறேன் என்று போய் வலக்கைப் பெருவிரலைப் பிளந்துகொண்டான். வில் சும்மா கிடந்தால் பங்கு போய்விடுமே! லயத்து மூங்கில் வில்லில் பப்பாசிக் காயைக் குறி தவறாமல் அடித்துக்கொண்டிருந்தவள் நான். "நான் போறேன்" என்று கையைத் தூக்கிவிட்டேன். சவரிமுத்து மாமா வயிறு குலுங்கச் சிரித்தார், பிறகு என்ன நினைத்தாரோ, "சரி, வரட்டும். பொம்பளப் புள்ள அம்பு பட்டாலும் மொசலுக்கு வலிக்கத்தானே செய்யும்" என்றார்.

முதல் ஞாயிறு என் மானம் கப்பலேறியது. பப்பாசியை நான் அடித்ததெல்லாம் வெயிலேறிய பின்பு அல்லவா? மேட்டுப் பனியில் அரை மணி நேரம் நின்றதில் பத்து விரலும் செத்துப்போய்விட்டன. முயல் எனக்கு நேரே வந்தது, நின்றது, காதை ஆட்டியது. நான் நாணை இழுத்தேன் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் அம்பு என் காலடியில் கிடக்கிறது! அண்ணன் கட்டுப்போட்ட விரலை மார்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "குளிருண்ணே" என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். ஒனக்குக் கரண்டி போதும்டி" என்றான். அந்தச் சொல் குளிரைவிட மோசமாகக் கடித்தது.

அதைவிடப் பெரிய அடி மாமாவிடமிருந்து வந்தது. "இங்க பாரு ஸ்டெல்லா, நத்தாருக்கு முந்துன ஞாயித்துக்கெழம வரைக்கும் தவண. அன்னைக்கும் இப்படின்னா வில்லு மேட்டு லயத்து டேவிட்டுக்குப் போயிரும். பங்கும் அவனுக்குத்தான். அப்பறம் ஒங்கப்பன் வந்து எங்கிட்ட மொகத்தத் தூக்கக் கூடாது." அப்பா வருடத்துக்கு ஒருமுறை, பதுளை ரயிலில் இரவெல்லாம் உட்கார்ந்து, நத்தாருக்கு முதல்நாள் காலையில்தான் வருவார். வந்ததும் பையை இறக்கும் முன்பே, சுவர் ஆணியில் தொங்கும் வில்லின் நாணை ஒருமுறை சுண்டிப் பார்ப்பார். அந்த ஆணி வெறும் ஆணியாக இருந்தால்?

குளிரோடு எனக்கு யுத்தம் தொடங்கியது அப்படித்தான். அம்மா கொழுந்து பறிக்கும்போது விரலில் சுற்றிக்கொள்ளும் டியூப் ரப்பரை எடுத்துச் சுற்றிப் பார்த்தேன்; கை சூடாகவில்லை, நாண்தான் வழுக்கியது. அண்ணனின் பள்ளிக்கூட மேசுக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டேன்; கயிறு அதில் சிக்கிக்கொண்டு அம்போடு மேசும் பறந்தது. அவித்த உருளைக்கிழங்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனால், மேட்டுக்கு ஏறுவதற்குள் அது என் வயிற்றுக்குள் போய்விடும். மறு ஞாயிறு பால்மா டின்னில் ஓட்டை போட்டு தேயிலை மிளாறு எரித்த நெருப்புக் கங்குகளை நிரப்பிக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். ஆகா, சொர்க்கம்! ஆனால் புகை மூக்கில் ஏறி நான் இருமிய இருமலில் முயல் மட்டுமா, மேட்டிலிருந்த குருவியெல்லாம் பறந்துவிட்டது. போதாக்குறைக்குக் கம்பளியில் கையகல ஓட்டை. அம்மா விளக்குமாற்றைத் தேடினாள். நான் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பக்கம் ஓடிவிட்டேன்.

தவணை ஞாயிறு வந்தது. அடுப்படியில் அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தேங்காய்ப்பூவும் மாவும் பிசைந்து உள்ளங்கை கனத்துக்குத் தட்டிச் சுடும் தோட்டத்து ரொட்டி இருக்கிறதே, கல்லிலிருந்து இறங்கி நெடுநேரம் ஆனாலும் அதன் நடுவில் சூடு உட்கார்ந்திருக்கும். என் பங்கைக் கையில் வாங்கியவுடன் விரலெல்லாம் உயிர் வந்தது. மூளையிலும் வந்தது! இரண்டு ரொட்டியைத் துணியில் மடித்து, அப்பாவின் பழைய கோட்டுப் பைக்கு ஒன்றாகத் திணித்தேன்.

"திங்காம எதுக்குடி மடிக்கிற?" என்றாள் அம்மா.

"கைக்கும்மா."

"கைக்கு வாய் மொளச்சிருக்கா?"

மேட்டில் என் இடத்தில் போய் நின்றேன். வில் தோளில், கை இரண்டும் பையில். மூட்டம் முழங்கால் வரை கிடந்தது, பக்கத்தில் இரவல் வில்லோடு நின்ற டேவிட் வாயால் கையை ஊதிக்கொண்டிருந்தான். என் விரல்களோ அடுப்படியில் உட்கார்ந்திருந்தன! மடக்கினேன், நீட்டினேன், எல்லாம் சொன்னபடி கேட்டன. "வாடா மொசலே, இன்னைக்கு வா" என்று எனக்குச் சிரிப்பும் படபடப்பும் சேர்ந்து வந்தது. எனக்குப் பின்னால் அண்ணன். கீழே மாமா விசிலடித்தார், நாய்கள் தேயிலைக்குள் பாய்ந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாமா தன் நாய்களுக்கு வைத்திருந்த சட்டம் ஒன்று. முயல் விழுந்த பிறகுதான் ரொட்டி. அதற்கு முன்னால் ரொட்டியை நாயின் கண்ணிலும் காட்டக் கூடாது, மூக்கிலும் காட்டக் கூடாது. "வயிறு நெறஞ்ச நாயி வால மட்டுந்தான் ஆட்டும்" என்பார். அதற்காகவே முதல்நாள் சுட்டுக் காய்ந்த ரொட்டியை மூடி இறுக்கிய டின்னுக்குள் கொண்டுவருவார். டின்னைத் திறந்தால் வேட்டை முடிந்தது என்று நாய்களுக்குத் தெரியும். எனக்கும் இது தெரியும். தெரிந்தும், அன்று காலையில் என் விரல்களைத் தவிர வேறு ஒன்றும் என் நினைவில் இல்லை.

கீழேயிருந்து குரைத்துக்கொண்டே ஏறி வந்த நாய்கள் பாதி வழியில் திடீரென்று வாயை மூடின. காற்று என் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளச்சிதான் முதலில் வந்தது. மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு நேரே என் முன்னால் வந்து, முன்னங்காலைச் சேர்த்து வைத்து, வேட்டையை வெற்றிகரமாக முடித்துவிட்ட திருப்தியோடு உட்கார்ந்தது. பின்னால் கருப்பன். அதற்குப் பின்னால் மற்றவை. எல்லாம் பந்தியில் உட்கார்ந்ததுபோல் என்னைச் சுற்றி உட்கார்ந்து, எச்சில் ஒழுக, வாலால் புல்லைப் பெருக்கின.

"அடப் பாவி நாய்ங்களா!" கீழேயிருந்து மாமாவின் குரல் மலையில் மோதித் திரும்பியது. "பந்திக்கு முந்திக்கிட்டு படைக்குப் பிந்திக்கிட்டுப் போறீங்களே! அங்க என்னடி வச்சிருக்க, ஸ்டெல்லா?"

எனக்கு உள்ளங்கால் வரை வியர்த்தது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "தூக்கி எறிடி! தூக்கி எறி!" என்றான். இரண்டு ரொட்டியையும் பிடுங்கி, முன்னால் இருந்த கானுக்குள், மழைத் தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் அந்தப் பள்ளத்துக்குள், விசிறி அடித்தேன். அவ்வளவுதான், அத்தனை நாயும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கானுக்குள் பாய்ந்தன.

கானுக்குள்தான் முயல் இருந்தது!

விரட்டிய நாய்கள் போய்விட்டன என்று அது அங்கே பம்மிக் கிடந்திருக்கிறது. தலைமேல் ரொட்டியும் நாயும் மழையாகப் பொழிந்தால் அது என்ன செய்யும்? ஒரே எம்பு, கரைமேல் வந்து, டேவிட்டைப் பார்த்து, திரும்பி, எனக்கு நேரே வந்தது. டேவிட்டின் அம்பு அவன் காலடியில் விழுந்த சத்தம் கேட்டது. என் விரல்கள் இன்னும் சூடாக இருந்தன. நாண் காது வரை வந்தது. விட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அம்பு பட்டது பின்னங்காலில்தான். முயல் உருண்டது, வாயில் ரொட்டியோடு வந்த வெள்ளச்சி ரொட்டியைப் போட்டுவிட்டு மிச்சத்தை முடித்தது.

நான் குதித்த குதியில் கோட்டுப் பொத்தான் தெறித்துப் போனது. ஆனால் மாமா மூச்சிரைக்க ஏறி வந்து, முயலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது நாய் புடிச்ச மொசலு. வில்லுக் கணக்குல வராது" என்றார். நாய்களுக்கு வைத்த சட்டம் கெட்டுப்போன ஆத்திரம் அவருக்கு. இவ்வளவும் நடந்தும் ஆணி வெறும் ஆணியாகத்தான் போகிறதா?

அப்போது அருள் அண்ணன் முன்னால் வந்தான். ஒரு நாளும் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாத வாய் அது. முயலின் காலைக் கட்டுப்போட்ட கையாலேயே புரட்டிக் காட்டி, "மாமா, குடக்கம்பி உள்ளுக்கு நிக்குது பாருங்க. இந்தக் குளுருல நானா இருந்தாலும் தவற விட்டிருப்பேன். அவ தவற விடல. இது எங்கப்பா வில்லுக் கறி" என்றான்.

மாமா என்னைப் பார்த்தார், நாய்களைப் பார்த்தார், பிறகு அவருடைய அந்தப் பெரிய சிரிப்பைச் சிரித்தார். "தலையும் ஈரலும் புள்ளைக்கு. ஆனா நாய்ங்களக் கெடுத்துப்புட்டியேடி!" கெடுத்தது உண்மைதான். அடுத்த ஞாயிறிலிருந்து, விசில் சத்தம் கேட்டவுடன், வெள்ளச்சி முதலில் என்னிடம் வந்து இரண்டு பையையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் தேயிலைக்குள் இறங்கும். நத்தாருக்கு முதல்நாள் அப்பா வந்து, பையை இறக்காமல் நாணைச் சுண்டினார். "யாரு இத இவ்வளவு முறுக்கா கட்டுனது?" என்றார். "அவதான்" என்றான் அண்ணன், ஈரலை மென்றுகொண்டே.

இப்போது நான் பதுளை டவுனில், கணினிக்கு முன்னால் உட்காரும் வேலையில் இருக்கிறேன். வேட்டை எப்போதோ நின்றுவிட்டது. சட்டம் இறுகியது, மரக்கறித் தோட்டங்களைச் சுற்றிக் கம்பிச் சுருக்கு வந்து, முயல் போய், சிறுத்தையும் அதில் மாட்டிக்கொண்டது. சவரிமுத்து மாமா மகள் வீட்டோடு பசறைக்குப் போய் அங்கேயே கண்ணை மூடினார். நாய்கள் ஒவ்வொன்றாகச் செத்தன, அவர் வேறு வாங்கவில்லை. வில் கூரை ஒழுக்கில் உளுத்துப்போய்விட்டது. மார்கழிகூட முன்போல் கடிப்பதில்லை என்கிறார்கள். என் கை மட்டும் இன்னும் சாகத்தான் செய்கிறது.

போன நத்தாருக்கு லயத்துக்குப் போயிருந்தேன். விடியற்காலையில் வாசலில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அண்ணன் வந்தான். தலை நரைத்துவிட்டது, பெருவிரலில் அந்தத் தழும்பு அப்படியே இருக்கிறது. துணியில் மடித்த சூட்டு ரொட்டி இரண்டை என் கையில் திணித்தான்.

"இந்தா, கையக் காச்சிக்க. நாயி ஏதும் வருதான்னு பாத்துக்க."

இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே, சும்மாதான், மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மூட்டம் முழங்கால் வரை கிடந்தது. ரொட்டி ஆறும் வரை நின்றிருந்தேன். ஒரு நாயும் வரவில்லை.