எந்தக் கேம்ப் என்று கேட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை சிலாபத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆஸ்பத்திரியை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது ஜெஸீமா டீச்சரின் மாணவி ரிஸ்னாவின் அழைப்பு வந்தது. "சேர், ஜெஸீமா டீச்சர் மௌத்தாகிட்டாங்க." இன்னாலில்லாஹி சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள், இனி அவர் எடுத்த பாடம் யாருக்கு என்று மனம் கேட்டுவிட்டது. அஸ்தஃபிருல்லாஹ்! அஞ்சலி எழுதுகிறவன் இதையெல்லாம் சொல்லக் கூடாதுதான். ஆனால் அவரைப் பற்றிப் பொய் எழுத எனக்குத் தெம்பில்லை. ஜெஸீமா டீச்சர்மீது எனக்குப் பொறாமை. இன்று நேற்றுப் பொறாமையல்ல, சிறுவயதுப் பொறாமை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். புத்தளத்தில் எங்கள் கல்வி நிலையத்தில் அமெரிக்கச் சமூகத்தின் சிறுபான்மையினரைப் பற்றிய பாடத்தைக் கற்பித்தவர் அவர். நான் பக்கத்து அறையில் உலக வரலாறு. என் வகுப்பில் பதினொரு பேர். அவருடைய வகுப்பில் கதிரை போதாமல் பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள்.

தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை விரட்ட, மன்னாரிலிருந்து வந்தபோது இருவரும் பிள்ளைகள். புத்தளத்து எத்தாளைப் பக்கம் ஒரே அகதிக் கேம்ப். அவர்களுடைய கிடுகுக் கொட்டிலிலிருந்து மூன்றாவது கொட்டில் எங்களுடையது. தண்ணீர் பவுசர் லொறி வரும்வரை வரிசையில் நின்றபடியே பாடம் படிப்பார். கேம்ப் பள்ளிக்கூடத்தில் எப்போதும் அவர்தான் முதலாம் பிள்ளை. நான் இரண்டாம் பிள்ளை. அப்போதே ஆரம்பித்துவிட்டது.

யுத்தம் முடிந்த பின்னர் ஒரே கல்வி நிலையத்தில் ஆசிரியர்களாகச் சேர்ந்தோம். ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த விரிவுரையாளர் ஒருவர், "நீங்களும் இடம்பெயர்ந்து வந்தவங்களா?" என்று என்னிடம் கேட்டார். நான் சற்றும் யோசிக்காமல், "இல்ல, எங்களுக்குப் பரம்பரையாவே புத்தளம்தான்" என்றேன். பின்னாளில் டவுன் பள்ளிக்கூடத்தில் 'அகதி' என்று கூப்பிடப்பட்டவனுக்குத்தான் அந்தப் பொய்யின் ருசி தெரியும். டீச்சர் அப்போது தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். பிறகு, "சேருக்குச் சீனி போதுமா?" என்று மட்டும் கேட்டார். என்னைக் காட்டிக்கொடுக்காததற்கும் எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது.

அமெரிக்காவில் அந்தச் சிறுபான்மையினர் பாடத்தை ஒரு வருடம் படிக்கும் புலமைப்பரிசிலுக்கு இருவரும் விண்ணப்பித்தோம். என் ஆங்கிலம் அவருடையதைவிடத் திறம். அதை இன்றும் சொல்வேன். நேர்முகப் பரீட்சையில், இந்தப் பாடத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். அறிவு ஆர்வம் என்றேன். அவரோ, எட்டு வருடம் கொட்டிலில் இருந்தவள் என்று சொல்லியிருக்கிறார். அவருக்குக் கிடைத்தது. எனக்கு வயிறு எரிந்தது. "அகதிக் கதை சொல்லித்தான் போறா" என்று தேநீர்க் கடையில் இருந்து பேசினேன். அது அவர் காதுக்கும் போனது. பயணம் சொல்ல வந்தவர் சிரித்தார். "ஓம் சேர், அதச் சொல்லித்தான் போறேன். என்னட்ட வேற என்ன இருக்கு?"

திரும்பி வந்தபோது ஒரு கேள்வியைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில், பெரும்பாலும் அமெரிக்கப் பிரஜைகளாகவே இருந்த ஜப்பானிய வம்சாவளியினரைப் பிடித்து முகாம்களில் அடைத்தார்களே, அந்தச் சமூகத்தின் முதியவர்கள் இருவர் சந்தித்தால் முதலில் கேட்பது 'எந்த முகாம்?' என்பதாம். "நம்மட ஆக்கள் மாதிரியேதான் சேர். கல்யாண வீட்டுல பாருங்க, பேரக் கேக்க முந்தி எந்தக் கேம்ப்னு கேப்பாங்க." ஆனாலும் இரண்டையும் ஒன்றாக்க மாணவர்களை விடமாட்டார். "பக்கத்துல வச்சுப் பாருங்க, ஒண்டுக்குள்ள ஒண்டப் போட்டு மூடாதீங்க" என்பார். அந்த மக்களிடம் அரசாங்கம் மன்னிப்புக் கேட்க நாற்பது வருடத்துக்கு மேல் ஆனதைச் சொல்லி, "விடாமக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, புள்ளைகளே" என்று மேசையில் தட்டுவார்.

அவருடைய வகுப்பில் முதல் தடவை நிற்கும் எவரிடமும் பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் கேட்பது வழக்கமாயிற்று. இந்த ஊர்ப் பிள்ளைகளும் பதில் வைத்திருந்தார்கள். "நாங்க கேம்ப்ல இருக்கல்ல, கேம்ப் போட எங்கட வாப்பா தென்னங்காணி குடுத்தவர்" என்றாள் மாம்புரி ஊர்ப் பிள்ளையொருத்தி. வகுப்பே கைதட்டியது பக்கத்து அறையில் எனக்குக் கேட்டது. நான் கதவைச் சாத்தினேன். அந்த வகுப்புக்குள் ஒருநாளும் கால் வைக்கவுமில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது மிகவும் மெலிந்திருந்தார். "பாடத்த நீங்க எடுங்க சேர்."

"என்ன கதை இது? நீங்க சுகமாகி வந்து எடுப்பீங்க."

"புள்ளைகள் கேப்பாங்க. அப்பிடித்தான் பழக்கி வச்சிருக்கேன்." கண்ணில் பழைய குறும்பு இருந்தது.

நேற்று அந்த வகுப்புக்குப் போனேன். அழுது வீங்கிய முகத்தோடு ரிஸ்னா எழுந்து நின்றாள். "டீச்சர்ட வழக்கம் சேர். நீங்க எந்தக் கேம்ப்?"

'பரம்பரையா' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. கரும்பலகை ஓரத்தில் டீச்சரின் கையெழுத்து அழியாமல் கிடந்தது.

"எத்தாளை. உங்கட டீச்சர்ட கொட்டில்லருந்து மூணாவது கொட்டில்."

ரிஸ்னா மெல்லக் கேட்டாள். "சேர் பரம்பரையா புத்தளம்னுதான் நெனச்சிருந்தோம். டீச்சருக்குத் தெரியுமா சேர்?"

"தெரியும். அவங்க ஒருத்தருக்கும் சொல்லல்ல."

டீச்சர், நேர்முகத்தில் நீங்கள் ஒரே மூச்சில் சொன்னதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடமும் உங்கள் மௌத்தும் வேண்டியிருந்தன. அதிலும் நீங்கள்தான் முதலாம் பிள்ளை. அல்லாஹ் நீங்கள் உறங்கும் கப்றை விசாலமாக்கி வைப்பானாக. போய் வாருங்கள், வகுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.