ஏலக்காய் மாடியில் தபால்தலைச் சங்கம்

ஆள் வராத கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிற வேலைக்கு இன்னொரு பெயர், தபால்தலைச் சங்கத்தின் செயலாளர் பதவி. வாசகர் வட்டம், நடைப்பயிற்சிக் குழு, ஓய்வூதியர் சங்கம் என்று எதிலாவது செயலாளராக மாட்டிக்கொண்டு, கூட்டத்துக்கு முன்னால் நாற்காலி விரித்து, யாரும் உட்காராத அதே நாற்காலியைப் பின்னால் மடக்கி வைத்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

நான் உத்தமபாளையம் வட்டாரத்தில் ஒரு நாளிதழின் நிருபராக இருந்தவன். அணையில் தண்ணீர் திறப்பு, ஏலக்காய் விலை, மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்தது என்று எழுதி எழுதி ஓய்வு பெற்றேன். எழுதத் தெரிந்தவன் என்பதால் அழைப்பிதழ் எழுதுவதற்காகச் சங்கத்தில் செயலாளராகச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்த பிறகுதான் அழைப்பதற்கு ஆள் இல்லை என்பது தெரிந்தது. தலைவர் காதர் ராவுத்தர், கம்பத்தில் ஏலக்காய் வியாபாரி. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அவர் கடை மாடியில் கூட்டம். கீழே மூட்டைகள் அடுக்கியிருப்பதால் எங்கள் ஆல்பங்களைத் திறந்தால் பாயசம் மணக்கும்.

மாடிக்கு வந்த கேள்வி

கடையை இப்போது பார்த்துக்கொள்வது ராவுத்தரின் மகன் சாகுல். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மேலே வந்து, ஒரு கூரியர் கம்பெனி மாடியை வாடகைக்குக் கேட்கிறது என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அத்தாவின் பொழுதுபோக்கைக் கெடுக்க அவனுக்கு ஆசையில்லை. ஆனால், தான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதே முகங்களைத்தான் இங்கே பார்ப்பதாகவும், அதிலும் சில முகங்கள் இப்போது சுவரில் மாலையோடு இருப்பதாகவும் சொன்னான்.

ராவுத்தர் வீட்டில் ஆல்பத்தை விரித்தால் அதன்மேல் பேரப்பிள்ளையின் பால் கிண்ணம் வந்து உட்காரும். அவருக்கு இந்த மாடியை விட்டால் வேறு இடம் கிடையாது. நோன்புப் பெருநாள் வரைக்கும் பொறுத்துக்கொள் என்று மட்டும் கேட்டார். சாகுல் ஒப்புக்கொண்டு, படியில் இறங்கப் போனவன் திரும்பினான்.

“வாரவுகளக் காட்டுங்கத்தா, மாடிய நீங்களே வச்சுக்கங்க. இந்த நாற்காலியவெல்லாம் ஆளுன்னு என்கிட்டக் காட்டாதீக.”

பல்லு

முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ஆள் சேர்க்கிற எல்லாச் சங்கமும் முதலில் அங்கேதான் போகும். ராயப்பன்பட்டியில் ஆரோக்கியமேரி டீச்சர் ஒரு வகுப்பு நேரம் ஒதுக்கித் தந்தார். ராவுத்தர் தன் சேகரிப்பில் நல்லதாகப் பொறுக்கிக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். கையால் தொடாமல் ட்வீசரால் எடுக்க வேண்டும், ஓரத்துப் பல் ஒன்று உடைந்தாலும் மதிப்புப் போய்விடும் என்று விளக்கினார். பிள்ளைகள் நன்றாகத்தான் கேட்டார்கள்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி, இந்தப் பல் எதற்காக இருக்கிறது என்று கேட்டாள். நல்ல கேள்வி என்று எனக்குச் சந்தோஷம். பெரிய தாளாக அச்சடித்து வரும், தபால் அலுவலகத்தில் கத்தரி தேடாமல் கையாலேயே ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொடுப்பதற்காக ஓட்டை போட்டிருக்கிறார்கள், கிழித்தால் இந்தப் பல் வரும் என்று சொன்னேன். அவள் தபால்தலையையும் ராவுத்தரின் ட்வீசரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“அப்பக் கிழிக்கிறதுக்குன்னே செஞ்சத நீங்க ஏன் சார் இம்புட்டுப் பத்திரமாப் பாத்துக்கிறீக?”

திராட்சைக்கு ஒரு தபால்தலை

தபால் துறையில் ஒரு வசதி இருக்கிறது. பணம் கட்டினால் நம் படத்தையே தபால்தலையோடு சேர்த்து அச்சடித்துத் தருவார்கள். இதைச் சொன்னால் விவசாயிகள் வருவார்கள் என்று எனக்கு ஒரு யோசனை. காமயகவுண்டன்பட்டியில் சின்னச்சாமி என்ற திராட்சைக்காரரைப் பிடித்தேன். பந்தலுக்கு அடியில் குனிந்து நடந்தபடியே பேசினோம். தன் படமா, பழத்தின் படமா என்று கேட்டார். எது வேண்டுமானாலும் என்றேன். பழத்தின் படம் போட்டு, கேரளாவுக்குப் போகிற பெட்டியில் ஒவ்வொன்றிலும் ஒட்டினால் என்ன என்று உற்சாகமாகக் கேட்டார்.

பெட்டியில் ஒட்டக் கூடாது, கடிதத்தில்தான் ஒட்ட வேண்டும் என்று சொன்னதும் மனிதர் நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார். ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

“லெட்டரு யாருக்குண்ணே போடுறது? எனக்கு வேண்டியவுக பூராப் பேரையும் காலையில டீக்கடையிலயே பாத்துர்றனே.”

ஊறப்போட்ட ஞாயிறு

வகுப்பு நடத்திய பலன் ஒன்று கிடைத்தது. பிள்ளைகள் வரவில்லை, டீச்சர் வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். அதில் அவருடைய அக்கா அனுப்பிய கவர்கள். அக்கா கன்னியாஸ்திரீ; இளம்வயதில் மடகாஸ்கருக்குப் போய், அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டவர். அன்று கம்பத்தில் டீச்சருக்கு ஒரு கல்யாணம். பார்த்துக்கொண்டிருங்கள், சாப்பிட்டுவிட்டு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று டின்னைக் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கவரில் ஒட்டிய தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் பிரிப்போம். மற்றவர்கள் கவரின் மூலையை மட்டும் கத்தரித்து ஊறப்போடுவார்கள். ராவுத்தருக்கு அது பிடிக்காது. கத்தரி தவறினால் பல் போய்விடும் என்று முழுக் கவரையும் பேசினில் மிதக்க விடுவார். டின்னைத் திறந்ததும் பட்டாம்பூச்சி, பெரிய கண்ணுள்ள குரங்கு, வனிலாக் கொடி என்று ஒரே வண்ணம். வனிலாவைப் பார்த்ததும் வாசனைச் சரக்கு வியாபாரிக்குக் கை நிற்கவில்லை. அழகான தபால்தலைகள் இருந்த கவர்களாக நடுவிலிருந்து பொறுக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டார். சுத்தமாகப் பிரித்து, உலர்த்தி, ஆல்பத்தில் வைத்து அந்த அம்மாவிடம் கொடுத்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று எல்லோரும் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவர்கூடக் கவரின் மேல் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. தபால்தலைக்காரனின் கண்ணுக்குக் கவரில் வலதுபக்க மேல்மூலை மட்டும்தான் தெரியும்.

டீச்சர் வெற்றிலை போட்ட வாயோடு சிரித்தபடி வந்தார். துணியில் வரிசையாக உலர்ந்துகொண்டிருந்த தபால்தலைகளைப் பார்த்தார். பிறகு பேசினைப் பார்த்தார். தண்ணீர் நீலமாக இருந்தது. சத்தம் போடவில்லை. அப்பா இறந்தபோது அக்காவின் கடிதங்களை எல்லாம் பெட்டியில் அவரோடு வைத்துப் புதைத்துவிட்டதாகவும், வீட்டில் மிச்சம் இருந்தது இந்தக் கவர்கள் மட்டும்தான் என்றும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற குரலில் சொன்னார். நனையாதவற்றை எடுத்து டின்னில் வைத்து மூடினார்.

“ஸ்டாம்பு அந்த ஊரு கவர்மெண்டு அடிச்சது சார். கவர்ல இருந்ததுதான் எங்க அக்கா எழுதினது.”

தண்ணீர் இல்லாத இடம்

மறுநாள் ராவுத்தர் ராயப்பன்பட்டிக்குக் கிளம்பினார். துணைக்கு நான். உலர்ந்த தபால்தலைகளை ஒரு உறையில் போட்டு, கூடவே நல்ல ஏலக்காய் ஒரு பொட்டலம். டீச்சர் வீட்டில் காபி கொடுத்தார்கள். ராவுத்தர் மன்னிப்புக் கேட்கத் தொடங்கி, அந்தக் கவர்களில் அப்படி என்ன எழுதியிருந்தது என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகு அவருக்கே கூசியது. ஆனால் டீச்சர் டின்னை எடுத்து வந்தார்.

முகவரி ஆங்கிலத்தில். அதன் கீழே, குட்டி எழுத்தில் தமிழில் ஒரு வரி: “தபால்கார அண்ணனுக்கு: அப்பா வாங்க மறுத்தால் அம்மாவிடம் கொடுக்கவும்.” அடுத்த கவரில்: “அப்பா தோட்டத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து வீட்டில் கொடுக்கவும்.” மகள் மடத்தில் சேர்ந்ததில் அப்பாவுக்குக் கோபம், அவள் பெயரையே வீட்டில் சொல்லக் கூடாது. அத்தனை கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு ஒரு பெண், ஊர்த் தபால்காரரைக் கவர் மேலேயே வேலை வாங்கியிருக்கிறாள். எத்தனையோ வருடம் செய்திக்கு அலைந்த நான், தலைப்பை வெட்டி வைத்துக்கொண்டு செய்தியைத் தண்ணீரில் போடுவதை நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

ராவுத்தர் காபியை அப்படியே வைத்துவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு வந்து இதை வாசித்துக்காட்ட முடியுமா என்று கேட்டார். இனிமேல் யாருடைய கவரையும் சங்கம் வாங்காது, கொண்டுவருகிறவர் கையிலேயே இருக்கட்டும், வாசித்துவிட்டு அவரே எடுத்துக்கொண்டு போகலாம், நாங்கள் தொடக்கூட மாட்டோம் என்று அந்த இடத்திலேயே சட்டம் போட்டார். டீச்சர் டின்னின் மூடியை அழுத்தி மூடினார்.

“தண்ணி இல்லாத எடமா இருந்தா வாரேன்.”

இரண்டு முத்திரை

புதுச் சட்டம் பழைய உறுப்பினர்களில் இரண்டு பேருக்குப் பிடிக்கவில்லை. இது தபால்தலைக் கலையே இல்லை என்று நின்றுவிட்டார்கள். ஆனால் விஷயம் எப்படியோ பரவியது. வீட்டில் பழைய கவர் இருந்தால் போதும், ஆல்பம் வேண்டாம், கொடுத்துவிட்டும் வர வேண்டாம் என்றதும், எங்களைத் திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லாம் பீரோவைத் துழாவத் தொடங்கினார்கள். உத்தமபாளையத்திலிருந்து ஒருவர், சவுதியிலிருந்து மாமனார் போட்ட கவரோடு வந்தார். கூடலூரிலிருந்து முருகேசன் வந்தார். காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறுகிற ஜீப் டிரைவர்.

அவர் கவரில் இரண்டு கூடலூரின் முத்திரைகளும் இருந்தன. ஒன்று கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நம் கூடலூர்; இன்னொன்று நீலகிரியில் இருக்கிற கூடலூர். எங்கள் ஆட்கள் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு முண்டினார்கள். முத்திரை எவ்வளவு தெளிவு, விலைக்குத் தருவாரா என்று ஒருவர் காதில் கேட்டார். முருகேசன் கவரைச் சட்டைப்பைக்குள் பாதி செருகிக்கொண்டு விளக்கம் சொன்னார். ஒரு அரசு அலுவலகத்தில் டிரைவர் வேலைக்கு வந்த நேர்முக அழைப்பு அது. அனுப்பியவர்கள் மாவட்டமும் எழுதவில்லை, பின்கோடும் போடவில்லை. கடிதம் நீலகிரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நேர்முகம் முடிந்த பிறகு இவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார்.

“இந்தா இருக்குல்ல ரெண்டு முத்திரை, இதுக்கு நடுவுலதான்ணே என் கவர்மெண்டு வேலை போச்சு.”

பெருநாளைக்கு முந்தின கூட்டம்

சாகுல் ஒப்புக்கொண்ட கெடுவுக்குள் கடைசிக் கூட்டம். ராவுத்தர் யாரையும் கூப்பிட்டு வற்புறுத்தக் கூடாது என்று எனக்குத் தடை போட்டிருந்தார். கூட்டிச் சேர்த்த கூட்டத்தைக் காட்டி மகனை ஏமாற்ற அவர் தயாராக இல்லை. நோன்பு நேரம், டீ கூடக் கிடையாது. அப்படியும் மாடி நிறைந்துவிட்டது. சிலர் கீழிருந்து காலி மூட்டைகளை எடுத்து வந்து விரித்து உட்கார்ந்தார்கள்.

டீச்சரின் முறை. வருடவாரியாக ஒவ்வொரு கவராக எடுத்து, தபால்காரருக்கு எழுதிய வரியை மட்டும் வாசித்தார். அப்பா மறுத்தால் அம்மாவிடம். அப்பா இல்லாதபோது வீட்டில். அம்மா இறந்த பிறகு: “அப்பாவைக் கேட்காமல் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடவும்.” அதற்கு அடுத்து அவர் எடுத்த கவரில்: “அப்பா உங்களை வழியிலேயே மறித்து வாங்கிக்கொள்கிறாராமே, மிகவும் நன்றி அண்ணே.”

படியில் நின்றிருந்த சாகுலை அதுவரை நான் கவனிக்கவில்லை. ஆட்களை எண்ண வந்தவன், எண்ணுவதை எப்போது விட்டானோ தெரியவில்லை. நடுவில் என்ன நடந்தது, அந்த அப்பா எப்படி மாறினார் என்று அங்கிருந்தே கேட்டான். டீச்சர் ராவுத்தரை ஒரு பார்வை பார்த்து, நடுவில் உள்ள கவர்களை உங்கள் அத்தா குளிப்பாட்டிவிட்டார் என்றார். மாடியே சிரித்தது. ராவுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பு அடங்கியதும் டீச்சர், ஒரு கவர் மட்டும் தனக்கு மனப்பாடம் என்றார். அதில், இதை அப்பா கையிலேயே கொடுத்துப் பார்க்கவும், அவர் முகம் எப்படி இருந்தது என்று என் தங்கையிடம் சொல்லவும் என்று எழுதியிருந்ததாம். அந்தத் தங்கைதான் டீச்சர். மறுநாள் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்தித் தபால்காரர் சொன்னதை அப்படியே சொன்னார்: “திட்டலம்மா. ஸ்டாம்பத் தடவிப் பாத்துட்டு உள்ள கொண்டுபோயிட்டாக.”

ராவுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாகுல் சத்தமில்லாமல் இறங்கிப் போனான். நான் பின்னாலேயே போனேன். செய்தியை உறுதி செய்யாமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. கடைப் படிக்கட்டில் நின்று கூரியர் ஏஜெண்டிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் அவர் விடாமல் கேட்கிறார் போலிருக்கிறது. சாகுல் மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னான்.

“இல்லண்ணே, மாடி தோதுப்படாது. மேல ஆளு இருக்காக.”

இப்படியாக, ஒரு தபால்தலைச் சங்கத்தை உயிரோடு வைத்திருக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி, அதில் தபால்தலை சேகரிப்பதை நிறுத்திவிடுவதுதான்.