சாமிக்கும் சர்வேக்கும் நடுவில் நான்

சர்வேயர் வேலை என்றால் நிலத்தை அளப்பது என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். உத்திரமேரூர் பக்கம் போட்டார்கள். இங்கே நிலத்துக்கு மேலே சாமி, சாமிக்கு மேலே பஞ்சாங்கம், எல்லாவற்றுக்கும் கீழே நான். நெற்றியில் விபூதியும் பையில் அரசாங்க உத்தரவுமாகக் காலையில் கிளம்பும் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

ராகு காலம்

அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. வெள்ளிக்கிழமை பத்தரைக்குக் கருவியோடு போய் நின்றால், அண்ணன்காரர் ராகு காலம் முடியட்டும் என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டார். தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு வருஷமாக ஒத்துப்போகாதவர்கள் அதில் மட்டும் ஒத்துப்போனார்கள். நானும் ராகு காலத்தில் கையெழுத்துகூடப் போடாத ஆள்தான். ஆனால் டியூட்டியில் அதைச் சொல்லக்கூடாதே. "இதெல்லாம் மூடநம்பிக்கைங்க, அரசாங்க வேலைக்கு நேரம் காலம் கிடையாது" என்று ஒரு பிரசங்கம் செய்தேன். அவர்கள் அசையவில்லை.

சரியாகப் பன்னிரண்டுக்கு எழுந்து வந்தார்கள். கருவியை நட்டேன். சிக்னல் கிடைக்கவில்லை. "மேல சேட்டிலைட்டுங்க சரியான இடத்துக்கு வரணும். கொஞ்சம் இருங்க" என்றேன். அண்ணன்காரர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கெரகம் நவுர்றதுக்கு நாங்க காத்துக்கினு இருந்தா மூடநம்பிக்க, நீங்க காத்துக்கினு இருந்தா ஆபீஸ் வேலையா சார்?"

மஞ்சள் பூசிய கல்

தனியாகப் பயிர் வைக்கும் ஒரு அம்மாவின் நிலத்தில் மூன்று முறை எல்லைக்கல் நட்டேன். மூன்று முறையும் பக்கத்து நிலத்துக்காரர் புண்ணியத்தில் கல் நகர்ந்தது. நாலாம் முறை நட்டுவிட்டு வந்த மறுவாரம் போய்ப் பார்த்தால் கல்லுக்கு மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம், சின்னதாய் ஒரு சிவப்புத் துணி. பக்கத்து நிலத்துக்காரரே செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்.

"அரசாங்கக் கல்லுக்கு இதெல்லாம் செய்யக் கூடாதும்மா" என்று கண்டிப்பாகச் சொன்னேன். கை மட்டும் தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "நீங்க நட்டப்போ கல்லு, அதான் நடந்துச்சு. நான் பொட்டு வெச்சேன், குந்திக்கிச்சு."

இரண்டு சாமிகள்

சபரிமலைக்கு மாலை போட்டிருந்த சமயம். செருப்பில்லாமல் முள்காட்டில் அளக்கிறேன். பக்கத்து நிலத்துக்குள் மூன்றடி தள்ளி வேலி போட்டவரும் மாலை போட்டிருந்தார். விரதத்தில் கோபப்படக் கூடாது, யாரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும்.

"சாமி, வேலி மூணடி உள்ள வந்திருக்கு சாமி."

"சாமி அளந்தது தப்பு சாமி."

"மறுபடி அளந்துட்டேன் சாமி. ஆக்கிரமிப்புதான் சாமி."

இப்படியே அரை மணி நேரம் கும்பிட்டபடி சண்டை போட்டோம். கடைசியில் அவரே களைத்துப் போனார். "மாலைய கழட்டினதும் வாங்க சாமி, நல்லா திட்டிக்கலாம். இப்டியே பேசிக்கினு இருந்தா வெரோதம் ஆறிப்பூடும்."

வாய்க்காலில் பிள்ளையார்

இதை மட்டும் சிரித்துக்கொண்டே சொல்ல முடியவில்லை. ஏரிக்கு வரும் வாய்க்காலை அளக்க உத்தரவு. மழை பெய்தும் பல வருஷமாக ஏரியில் தண்ணீர் ஏறவில்லை. வாய்க்கால் நடுவில் ஒரு பிள்ளையார் கோயில். வேலை நிரந்தரமாக வேண்டும் என்று நான் பதினொரு தேங்காய் வேண்டிக்கொண்டு உடைத்த அதே பிள்ளையார். கோயில் ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும் என்று அவரிடமே வேண்டிக்கொண்டு அளந்தேன். தள்ளி இல்லை. மறுபடி அளந்தேன். சன்னதிக்கு நேர் அடியில்தான் வாய்க்கால். "ஆக்கிரமிப்பு" என்று எழுதிவிட்டு, பிள்ளையார் பக்கம் பார்க்காமல் நோட்டை மூடினேன்.

ஊர் கூடிப் பேசி, பிள்ளையாரைக் கரை மேட்டுக்கு மாற்ற ஒப்புக்கொண்டது. பூசாரி மந்திரம் சொல்லிச் சாமியைக் கும்பத்தில் இறக்கினார். "இனி இது வெறும் கல்லு, தூக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவரே நாலடி பின்னால் போய் நின்றார். ஊரே பின்னால் போனது. நானும் போனேன்.

என்னோடு அளவுச் சங்கிலி பிடிக்க வரும் ஞானமணி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். சட்டைக்கு வெளியே தொங்கிய சிலுவையை உள்ளே விட்டுக்கொண்டார், குனிந்தார், பிள்ளையாரைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துத் தூக்கி மேட்டில் உட்கார வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தும் விட்டார்.

கோயிலை எடுத்து வாய்க்காலைத் திறந்ததும் அடுத்த மழைக்கே ஏரி நிரம்பியது. "சாமியத் தூக்கினியே, உனக்குப் பயமே இல்லியாய்யா?" என்று ஞானமணியிடம் கேட்டேன். "இன்னா பயம் சார்? எங்க பாஸ்டர் கேட்டா கவர்மென்ட் டூட்டின்னு சொல்லிடுவேன். இந்த சாமி கேட்டா சார் சொன்னாருன்னு சொல்லிடுவேன்."

ஆக, பதினைந்து வருஷ சர்வீஸில் நான் கண்டது, என்னைப் பற்றி மேலே போகும் புகார்களில் பாதி கலெக்டருக்கும் மீதி கைலாசத்துக்கும் போகின்றன, இரண்டு இடத்திலிருந்தும் இன்னும் பதில் வரவில்லை.