நாலடி என்று எழுதியவர்

கடலை ஒட்டியே, கடலைத் தொடாமல் ஓடிய கால்வாய் அது. புயல் காலத்திலும் படகுகள் பத்திரமாகப் போய்வரட்டும் என்று மூன்று தலைமுறைக்கு முன்னால் மனிதர்கள் வெட்டியது. வெட்டினால் மட்டும் போதுமா? வருஷம் தவறாமல் மணல் வந்து சேரும். தூர் வாரிக்கொண்டே இருக்கவேண்டும்.

மதகடியில் கோலை இறக்கி ஆழம் பார்த்து, வாராவாரம் தலைமை அலுவலகத்துக்கு எழுதி அனுப்புவது அளவுக்காரரின் வேலை. மதகை ஒட்டிய இரண்டு அறைதான் வீடு. குடிக்கிற தண்ணீரையும் கோல் விட்டுப் பார்த்துத்தான் குடிப்பார் என்று படகுக்காரர்கள் கேலி செய்வார்கள். அவ்வளவு கறார்.

பிறகு நெடுஞ்சாலை வந்தது. சரக்கெல்லாம் லாரிக்குப் போனது. ஆழம் குறைந்த பகுதிகளை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட வாரம், கோல் மூன்றடிதான் காட்டியது. மனிதர் நாலடி என்று எழுதினார்.

“கோலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நீங்க எப்போ கத்துக்கிட்டீங்க?” என்றாள் மனைவி.

“உள்ளதை எழுதினா மூடிடுவாங்க. சும்மா இரு.”

ஆறு வருஷம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். பாரத்தைக் குறைத்து ஏற்றச் சொல்லிப் படகுக்காரர்களைக் கெஞ்சினார். ஒரு பெரிய புயலுக்கு மறுநாள், செங்கல் ஏற்றிவந்த படகு மதகுக்கு அருகே தரைதட்டி மூன்று நாள் நின்றது. அதற்கப்புறம் எந்தப் படகும் வரவில்லை. நடுவில் அடைத்துக்கொண்டதால் கால்வாய் முழுவதையுமே கைவிட்டார்கள்.

ஓய்வுக் காகிதங்களில் கையெழுத்துப் போடத் தலைமை அலுவலகம் போனார். பொறியாளர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

“உங்க பகுதிதான் எங்களுக்குத் தலைவலியே கொடுக்காத இடம். பாவம், ஒரே புயல்ல மெஷினாலயும் வார முடியாதபடி தூர்ந்துபோச்சு. தூர் வார்ற மெஷின் எங்ககிட்ட ஒண்ணுதான். மூணரை அடிக்குக் கீழே போன இடத்துக்கெல்லாம் அனுப்பினோம். ஆழம் குறைஞ்சதுன்னு ஒரு இடத்தைக்கூட மூடலே. உங்க பக்கமும் ரெண்டு தடவை அனுப்பப் பார்த்தோம். நாலடி இருக்கேன்னு விட்டுட்டோம். அழுத பிள்ளைக்குத்தானே பால்?”

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். பொறியாளர் காகிதத்தை நீட்டினார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்தும் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு என்று மனைவி இரண்டு தடவை கேட்டாள்.

“கால்வாய் அழுதுச்சு,” என்றார். “நான்தான் வாயைப் பொத்திட்டேன்.”