மூணு சாவிக் கடைக்காக நான் அழமாட்டேன்

டர்பன்டைனும் ஈரச் சணலும் இரும்புத் துருவும் கலந்த அந்தக் கடையின் வாடை, அப்போதெல்லாம் ஆவடி பஸ் நிலையத்தில் இறங்கும்போதே மூக்கில் ஏறும். அந்த வாடையைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்கள் இன்று உருகி உருகிப் பேசுகிறார்கள். எனக்கு நினைத்தாலே குமட்டுகிறது.

பெயர்ப்பலகையில் மூன்று சாவிகள் வரைந்திருந்ததால் "மூணு சாவிக் கடை" என்று அழைக்கப்பட்ட அந்த இரும்புச் சாமான் கடையை நான்கு அண்ணன் தம்பிகள் நடத்தினார்கள். எண்பதுகளில் ஆவடியில் ஆரம்பித்து அம்பத்தூர், பூந்தமல்லி, திருமழிசை என்று கிளை விட்டார்கள். புதிதாகத் திறக்கும் இடத்திலெல்லாம் வாங்கிய விலைக்கும் கீழே விற்று, சுற்றியிருந்த சின்னக் கடைகளை மூடவைத்துவிட்டு, பிறகு இஷ்டத்துக்கு விலையை ஏற்றுவார்கள்.

வெள்ளானூரில் நாங்கள் வீடு கட்டியபோது எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் என்பதால், கொத்தனாரிடம் மல்லுக்கட்டுவதும் கடைக்கு அலைவதும் அம்மாதான். இரண்டு அறை முடிந்ததுமே தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் குடிபோனோம். அடுத்த மழைக்காலத்தில், பித்தளை என்று சொல்லி அவர்கள் விற்ற தாழ்ப்பாள் குளியலறைக் கதவில் துருவேறி இறுகிக்கொண்டது. உள்ளே என் தம்பி ஜோசப், நாலு வயதுப் பிள்ளை. அவன் கத்திக் கத்திக் குரல் அடங்கிப்போன பிறகுதான் அம்மாவால் கடப்பாரையால் கதவைப் பெயர்க்க முடிந்தது. வெளியே வந்தவன் அன்று முழுக்க அவள் புடவையை விடவில்லை.

மறுநாள் அம்மா உடைந்த தாழ்ப்பாளோடு கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கல்லாவில் மூத்த அண்ணன் இருந்தார்.

"பித்தளைன்னு சொல்லித்தானே குடுத்தீங்க? மேல முலாம், உள்ள அத்தனையும் இரும்பு. என் பிள்ளை செத்திருப்பான்."

"பித்தளையப் பத்தி உனுக்கு இன்னாம்மா தெரியும்? போய் ஊட்டுக்காரர இட்டுக்கினு வா."

"கதவ உடைச்சவ நான். என்கிட்டப் பேசுங்க."

அவர் தாழ்ப்பாளைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். அம்மா நகரவில்லை. வாசலிலேயே நின்று, வந்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னாள். சிலர் திரும்பிப் போனார்கள். அவர் ஆத்திரத்தில் எழுந்து, உள்ளே இருந்த பையன்களைப் பார்த்துக் கத்தினார்: "இந்தம்மா மூஞ்ச நல்லா பாத்துக்கோங்க. நம்ம கட எதுலயும் இதுக்கு ஒரு ஆணி குடுக்கக் கூடாது."

சொன்னபடியே செய்தார்கள். அந்தப் பையன்களே முறைவைத்து வேலை பார்த்த அம்பத்தூர்க் கிளையிலும் முகத்தைப் பார்த்ததும் சாமான் இல்லை என்றார்கள். வேறு கடைகளைத்தான் முன்பே ஒழித்துக்கட்டியிருந்தார்களே! மீதி வீட்டுக்கான கீல், குழாய், கம்பி எல்லாவற்றையும் அம்மா பாரிமுனைக்குப் போய் வாங்கி, மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். தோள்பட்டையில் வலி வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

தொண்ணூறுகளில் சகோதரர்களுக்குள் சொத்துத் தகராறு வந்தது. ஊராரிடம் காட்டிய வித்தையை இப்போது ஒருவருக்கொருவர் காட்டி, விலையை அடித்து அடித்து, கடைகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. ஆவடியில் கடையை மூடுமுன் தள்ளுபடி விற்பனை போட்டபோது, கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க அப்பா அங்கிருந்து இரண்டு டின் பெயின்ட் வாங்கி வந்துவிட்டார்.

"அந்தக் கடைச் சாமான் இந்த வாசப்படி தாண்டக் கூடாது" என்றாள் அம்மா. அப்பா டின்களைத் தூக்கிக்கொண்டு கடைக்கே திரும்பினார். அந்த வருடம் தெருவிலேயே எங்கள் வீடுதான் பாசி படிந்த சுவரில் நட்சத்திரம் தொங்கவிட்டிருந்தது. எனக்கு அதில் பெருமை.

இப்போது நான்கில் ஒரு கடையும் இல்லை. ஆவடிக் கடை இருந்த இடத்தில் மருந்துக்கடை. அங்கே மூட்டை தூக்கி வேலை இழந்தவர்களுக்காக வருந்துவேன், கடைக்காக மாட்டேன். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பழைய தெருக்காரர் ஒருவர், "மூணு சாவிக் கட மாதிரி இனிமே ஒண்ணு வருமா?" என்று பெருமூச்சு விட்டார்.

"வரவே வேணாம்" என்று சீறினேன். சாப்பாட்டு மேசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

பக்கத்தில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த அம்மா என் கையைத் தொட்டு, "எந்தக் கடைடி?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, அவளுக்கு நிஜமாகவே நினைவில்லை.