சாகாமல் இருந்த இரண்டாவது முயல்

யுத்தக் காலத்தில் விழுப்புரத்து சுகாதாரப் பரிசோதனைக் கூடத்தில் நான் உதவியாளன். பி.எஸ்ஸி. படித்தவன் என்பதால் இரண்டு பொறுப்புகள் கொடுத்திருந்தார்கள்: கிருமிகளுக்கு ஆகாரம் காய்ச்சுவது, டாக்டருக்குக் காப்பி வாங்கி வருவது. இரண்டாவதில் பிசகினால்தான் திட்டு விழும்.

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், கூலியாட்களுக்கு ரத்தபேதி கண்டது. மண்டிக் கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்றார்கள் அவர்கள். பச்சை மல்லாட்டையைத் திருடித் தின்ற வயிற்றுக்கடுப்பு என்றார் முதலாளி. அவர் எங்கள் டாக்டரின் நண்பர். நட்பு மாதந்தோறும் எண்ணெய் டின்னாக வந்து இறங்கும். கிருமி விஷம் சுரக்கும் ஜாதியா, சாதுவா என்று நாங்கள் சொல்ல வேண்டும். விஷ ஜாதி என்றால் கிணற்றை மூடுவார்கள்.

நோயாளியின் மலத்திலிருந்து பிரித்த கிருமியை இறைச்சிச் சாற்றில் வளர்த்து, வடிகட்டி, அந்தத் தெளிவை முயலின் காது ரத்தக்குழாயில் ஏற்றுவோம். விஷம் இருந்தால் பின்னங்கால்கள் விழுந்து முயல் சாகும். கொல்லும் என்று ஏற்கெனவே தெரிந்த பழைய கிருமி ஒன்றையும் அதே சாற்றில் வளர்த்து இரண்டாவது முயலுக்குப் போடுவோம். அதற்கு கன்ட்ரோல் என்று பெயர். அது சாகாவிட்டால் பரிசோதனையே செல்லாது.

அந்தச் சமயம் மதராஸிலிருந்து கண்ணாடிக் குடுவைகள் வரவில்லை. ஹிட்லரை ஜெயிக்க அவையும் தேவைப்பட்டன போலும். பியூன் வீட்டு இரும்பு வாணலியில் சாறு காய்ச்சினேன். கிருமிகள் கல்யாண விருந்துக்கு வந்தவைபோலப் பெருகின. முதல் முயல் ஊசி போட்ட பிறகும் புல் தின்றது. இரண்டாவது முயலும் தின்றது.

கன்ட்ரோலும் சாகவில்லை என்று டாக்டரிடம் சொன்னேன்.

“மொத முயல்தான்யா திண்டிவனத்துக் கேசு. ரெண்டாவதப் பத்தி எவன் கேட்டான்? ஜல்தியா ரிப்போர்ட்ட அடி.”

‘விஷம் இல்லை’ என்று அடித்தேன். கீழே ஒரு வரி சேர்க்கக் காகிதத்தில் இடம் இருந்தது. எனக்குச் சம்பள உயர்வு வர இருந்தது.

வாணலி மேல் சந்தேகம் வந்து, மனம் கேட்காமல், பள்ளிக்கூடம் ஒன்றில் குடுவை இரவல் வாங்கிச் சாறு காய்ச்சி, மறுபடி செய்தேன். இரண்டு முயல்களும் கால் விழுந்து செத்தன. காரணத்தைப் பல வருஷம் கழித்து ஒரு சஞ்சிகையில் படித்தேன். இரும்பு தாராளமாகக் கிடைத்தால் அந்தக் கிருமி கொழுக்கும், விஷம் சுரக்காது. இரும்புக்குத் தவிக்கும்போதுதான் சுரக்கும். வயிறு நிறைந்தபின் பிறருக்குக் கெடுதல் செய்யாத பிராணியை நான் அந்தக் கூடத்தில் வேறு கண்டதில்லை.

செத்த முயல்களை டாக்டரிடம் காட்டினேன். இரண்டாவது ரிப்போர்ட் போனால் நமக்குத்தான் பேஜாரு என்றார். லீவு போட்டுத் திண்டிவனத்துக்கு ரயில் ஏறினேன்.

மண்டியில் அஞ்சலை என்பவள் மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தாள். ரத்தபேதியில் அவள் புருஷன் இறந்து மூன்றாம் நாள். அவன் படுத்துக் கிடந்தபோதே எங்கள் ரிப்போர்ட்டை அவனுக்குப் படித்துக் காட்டி, திருட்டுப்பயல் என்று சொல்லி, மேஸ்திரி அவனுடைய கடைசி வாரக் கூலியைப் பிடித்துக்கொண்டானாம். நான் விழுப்புரத்துப் பரிசோதனைக் கூடத்து ஆள் என்று தெரிந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

“பூதக்கண்ணாடி வச்சிக்கினு பாத்தீங்களாமே. எங்க ஊட்டுக்காரரு திருடனது அதுல தெரிஞ்சுதுங்களா?”

“இல்லம்மா. கிணத்துலதான் விஷம் இருக்கு. நான்தான் தப்பா எழுதிட்டேன்.”

“இத சொல்றதுக்கு இப்பதான் ரயிலு வந்துச்சா ஒங்களுக்கு?”

பதிலுக்குக் காத்திராமல் அவள் எழுந்து போய்க் கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து உள்ளே எறிந்தாள். மேஸ்திரி கத்தினான். மற்றப் பெண்கள் குடங்களைக் கவிழ்த்துவிட்டு ஒவ்வொருவராக அவள் பின்னால் வெளியே நடந்தார்கள். கிணற்றை மூடும் அரசாங்க உத்தரவு வெகுநாள் கழித்து, முத்திரையோடு, மிக ஒழுங்காக வந்தது. எனக்குச் சம்பள உயர்வு அதற்கு முன்பே வந்துவிட்டது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் பாத்திரத்தைச் சந்தேகப்படக் கற்றுக்கொள்ளுங்கள். நானும் சந்தேகப்பட்டேன். ஆனால் அதை எழுதவில்லை. எழுதாத சந்தேகத்தை யாரும் அந்தக் கூலிக்காரனுக்குப் படித்துக் காட்டியிருக்க முடியாது.