சிவப்புக் கொடி ஏறிய பிறகு

ஷூ கம்பெனியில் தையல் வேலையை விட்டுவிட்டு எங்கள் ஏரியின் படகுத் துறையில் நான் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. என் ஓரகத்தி எனக்குப் பிறகு வந்தவள். மோட்டார் படகு ஓட்ட அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

தண்ணீரில் இறங்கும் விமானத்தை நான்கு நாள் எங்கள் ஏரியில் சோதித்துப் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். முன்கூட்டியே ஓர் அதிகாரி வந்து எங்களை உட்காரவைத்து விளக்கினார். நடுவில் மிதவை கட்டிய நீளப் பாதை விமானத்துக்கு. கரையில் சிவப்புக் கொடி ஏறினால் எல்லாப் படகும் தெற்கு மூலைக்கு ஒதுங்கிவிட வேண்டும். இறங்கும்போது விமானத்தின் மூக்கு நிமிர்ந்திருக்கும், நேர் எதிரே நிற்கும் சின்னப் படகு விமானியின் கண்ணில் படாது, நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது.

பாதையைக் காலி செய்கிற காவல் படகுக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் என் ஓரகத்தியைக் காட்டினார். அவள் கையில் வாக்கி டாக்கியைக் கொடுத்தபோது எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வீட்டில் அன்று முழுக்க மாமியாருக்கு அதே பேச்சு. எனக்குச் சோறு இறங்கவில்லை. முதல் நாள் அவள் கையசைத்ததும் படகுகள் வரிசையாக ஒதுங்கியதைப் பார்த்து, அவள் எங்கேயாவது தப்பு செய்யமாட்டாளா என்று காத்திருந்தேன்.

இரண்டாம் நாள், எதிர்க்கரையில் ஆட்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். பாதையின் பாதியில் இருந்தபோது கொடி ஏறியது. அவள் படகைப் பக்கத்தில் கொண்டுவந்து, "அக்கா, சீக்கிரம் போய்டுக்கா," என்றாள். இவள் சொல்லி நான் போவதா என்று வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தேன். இன்ஜின் அணைந்துபோயிற்று. இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தேன், பிடிக்கவில்லை. மறுபடி இழுப்பதற்குள் பனைமரங்களுக்கு மேலே விமானம் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது.

"பாதைல படகு நிக்குது. இறங்க வேணாம்," என்று அவள் வாக்கி டாக்கியில் சொன்னாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை. விமானம் என் தலைக்கு மேலே எழும்பிப் போயிற்று. காற்றில் படகு ஆடியது. அவள் கயிற்றை வீசி என்னை இழுத்துக்கொண்டு கரை சேர்த்தாள்.

அதிகாரி கேட்டதற்கு, இன்ஜினில் களை சுற்றிக்கொண்டது என்று அவளே எனக்காகப் பொய் சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் அவள் தயவில் தப்பிப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"களை ஒண்ணும் மாட்டல சார். நான்தான் வேணும்னே மெதுவா வந்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மீதி நாட்களுக்கு என்னைப் படகில் ஏற்றவில்லை. துறையில் நின்று, வருகிறவர்களுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிட்டேன். கடைசி நாள் விமானத்தில் ஒரு சுற்று வர அவளை அழைத்தார்கள். போவதற்கு முன் என்னிடம் வந்து, "நீயும் வர்றியாக்கா? கேட்டுப் பாக்கறேன்," என்றாள். தலை சுற்றும் என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் கூடத்தில் மாமியாரிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள், மேலேயிருந்து ஏரி எப்படி இருந்தது, நம் தெரு தெரிந்ததா என்று. நான் அடுக்களையில் இருந்தேன். ஒரு வார்த்தையும் தவறிவிடக் கூடாது என்று மிக்ஸியைப் போடாமல் நின்றேன்.